செவ்வாய்க்கிழமை பிளேட்

கண்ணுக்குத் தெரியாத உலகத்தைப் பற்றி யாராவது என்னிடம் கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். இருபத்திரண்டு வருஷமாக அந்த உலகத்தைத்தான் தினமும் காலையில் இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுத்து அடுக்குகிறேன். புத்தூரில் ஒரு தனியார் லேப். அதில் கிருமி வளர்த்துப் பார்க்கும் பிரிவு என்னுடையது. சீழ், சிறுநீர், சளி, எது வந்தாலும் ஒரு துளி எடுத்து, உள்ளங்கை அகல வட்டத் தட்டில் உறைந்திருக்கும் கூழின் மேல் கோடு கோடாக இழுத்து, இன்குபேட்டர் பெட்டிக்குள் உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைப்போம். அந்தத் தட்டுக்கு பிளேட் என்று பெயர். மறுநாள் காலையில் கிருமி அதில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். அதை ஊசியால் தொட்டெடுத்து இன்னொரு பிளேட்டில் பரப்பி, மேலே மருந்துப் பொட்டுகளை வைத்தால், எந்த மருந்துக்குச் சாகிறது என்பது அதற்கு அடுத்த நாள் தெரிந்துவிடும். ரிப்போர்ட் போகும். இதில் தரிசனம் ஒன்றும் கிடையாது. நாற்றம் உண்டு.

தரிசனம் என்ற சொல்லை எங்கள் லேபுக்குள் கொண்டுவந்தவர் ஒரு பெண் ஓவியர். ஓவியர் என்றால் அவருக்குப் பிடிக்காது, கலைஞர் என்று சொல்ல வேண்டும். அதுவும் நியாயம்தான், அவர் எதையும் வரைவதில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். வடக்கே படித்து, வெளிநாட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இயற்கையோடு வாழ வேண்டும் என்று ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் வீடு எடுத்திருந்தார். இயற்கையும் அவரோடு வாழ ஆசைப்பட்டிருக்க வேண்டும். முதல் நாள் வந்தபோது இரண்டு கையிலும் கொசுக்கடித் தடிப்பு.

எங்கள் லேபை நடத்தும் டாக்டருக்குக் கலை என்றால் உயிர். அவர் அறையில் மூன்று படங்கள் மாட்டியிருக்கிறார், மூன்றும் யானை. அவர்தான் அந்த அம்மாவை என் மேஜைக்கு அழைத்து வந்து, வேண்டியதைச் செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா என் இன்குபேட்டரைக் கர்ப்பக்கிரகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். செருப்பைக் கழற்றப் போனார். இங்கே செருப்பைக் கழற்றினால் நாளைக்கு உங்கள் காலிலிருந்து நான் ஸ்வாப் எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லித் தடுத்தேன். ஸ்வாப் என்பது பஞ்சு சுற்றிய குச்சி. அதை அவர் சிரித்துக்கொண்டே தன் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார்.

அவர் திட்டம் இதுதான். பஞ்சுக் குச்சிகளை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் போய் ஆலமரப் பட்டை, ஆற்று மணல், படித்துறைப் பாசி, பஸ் கைப்பிடி என்று தடவிக்கொண்டு வருவார். நான் அதை வளர்த்துக் கொடுக்க வேண்டும். முளைத்ததை அவர் படம் எடுத்து ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டுவார். பிரபஞ்சத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும், நாம் காணாத ஜீவன்களின் முகங்கள் என்று அதற்கு விளக்கம். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பார். சமயபுரத்தில் ஒரு லாட்ஜின் கழிவறைக் குழாயில் தடவிக்கொண்டு வந்ததில் இளஞ்சிவப்பாக ஒன்று கொத்தாக முளைத்தது. அது எதிலிருந்து வரும் கிருமி என்று எனக்குத் தெரியும், சொன்னேன். அவர் அதற்கு ‘ஆதித்தாய்’ என்று பெயர் வைத்தார். பெயருக்குக் கீழே படம் எடுத்த கிழமையையும் மணியையும் எழுதுவார். அதற்குப் பெயர் தரிசன நேரம். ஞாயிறு, மாலை 4.05. ஆதித்தாய் காட்சி கொடுத்த வேளை.

மணலும் மரப்பட்டையும் முளைக்க வைத்தது பெரும்பாலும் சாம்பல் நிறத்தில், தயிர் ஏடு மாதிரி இருந்தது. அந்த அம்மாவுக்கு ஏமாற்றம். இயற்கை அவர் எதிர்பார்த்த அளவுக்கு வண்ணமாக இல்லை. அப்போதுதான் அவர் பார்வை நோயாளிகளின் பிளேட்டுகள் மேல் விழுந்தது. மனித உடம்பில் வளர்வதற்கு நல்ல நிறம் உண்டு. தங்க நிறம், ரத்தச் சிவப்பு, அலை அலையாகப் பரவுவது, எல்லாம் உண்டு. வேலை முடிந்து கொதிகலத்தில் வேகவைத்து வெளியே கொட்டப் போகிற பிளேட்டுகள்தானே, படம் எடுத்துக்கொள்ளட்டும் என்றார் டாக்டர். பெயர் எதிலும் இருக்காது. பிளேட்டின் அடிப்பக்கம் மார்க்கர் பேனாவால் நம்பர் மட்டும் எழுதியிருப்போம்.

இங்கே என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அழகாக முளைத்த பிளேட்டை உடனே தூக்கிப் போட மனசு வராது. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வருபவரிடம், இதைப் பாரேன் என்று காட்டுவோம். யாருடைய சீழ், அந்த ஆள் என்ன ஆனார் என்றெல்லாம் அப்போது தோன்றாது. இருபத்திரண்டு வருஷமாக அப்படிக் காட்டிக்கொண்டிருந்தவள்தான் நானும். அந்த அம்மா வந்தபிறகு அது என் வேலையாகவே ஆகிவிட்டது. காலையில் பிளேட்டுகளைத் திறக்கும்போதே, இது அவருக்குப் பிடிக்கும் என்று ஒன்றிரண்டைத் தனி டிரேயில் எடுத்து வைப்பேன். ஊசி குத்திய தடம் படத்தில் விழுகிறது, படம் எடுக்கும்வரை ஊசி படாமல் இருந்தால் நன்றாக இருக்கும் அக்கா என்று அவர் ஒரு தரம் சொன்னார். சரி என்றேன். அவரைக் கிண்டல் செய்துகொண்டே அவருக்குக் கையாளாக ஆகியிருந்தேன். எனக்கு அது தெரியவே இல்லை.

அந்தச் சித்திரையில்தான் அப்பாவின் கால் கொப்பளித்தது.

அப்பா தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கும் பிரிவில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர். வந்த தபால் அன்றைக்கே கிளம்ப வேண்டும் என்பது அவருக்கு வேதம். வீட்டிலும் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகை வந்தால் அன்று சாயங்காலமே வாழ்த்துக் கடிதம் எழுதிவிடுவார், கல்யாணம் இரண்டு மாதம் கழித்து இருந்தாலும். சர்க்கரை நோய் வந்து இருபது வருஷம் ஆகிறது. மாத்திரையில் ஒழுங்கு, சாப்பாட்டில் ஒழுங்கு. சனிக்கிழமை மட்டும் கூட்டம் குறைந்த மத்தியான நேரமாகப் பார்த்துக் கோயிலுக்குப் போய்ப் பிரகாரம் சுற்றுவார். சித்திரை வெயிலில் அந்தக் கல் எப்படி இருக்கும் என்று ஸ்ரீரங்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்கள் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடுவார்கள். அப்பா நிதானமாக நடப்பார். வீட்டுக்கு வந்து, எனக்குச் சுடவே இல்லை, ரங்கநாதன் கருணை என்பார்.

அது கருணை இல்லை. கால் நரம்பு செத்துவிட்டது. பல தடவை சொல்லியிருக்கிறேன். சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். உனக்குக் கிருமியைத் தவிர எதிலும் நம்பிக்கை இல்லை என்பார். எனக்குக் கோபமாக வரும். சூடு தெரியாததைத் தெய்வத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளும் மனிதரிடம் என்ன பேச முடியும்? அந்தச் சனிக்கிழமை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியிருக்கிறார். வலது உள்ளங்காலில் கொப்புளம் வந்து, உடைந்து, சீழ் பிடிக்கும்வரை யாரிடமும் சொல்லவில்லை. வலித்தால்தானே சொல்வதற்கு?

திங்கட்கிழமை தம்பி அவரைப் புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். காலைக் காப்பாற்றிவிடலாம், சரியான மருந்து சீக்கிரம் கிடைக்க வேண்டும், கல்ச்சர் ரிப்போர்ட் வரட்டும் என்றார் சர்ஜன். கல்ச்சர் என்றால் நான் செய்யும் இந்தக் கிருமி வளர்ப்புதான், அந்த ஆஸ்பத்திரியிலிருந்து அதெல்லாம் எங்கள் லேபுக்குத்தான் வரும். நாளைக்கு டிரெஸ்ஸிங் மாற்றும்போது ஸ்வாப் எடுப்பார்களாம் என்று தம்பி போனில் சொன்னான். போனை வைத்த பத்தாவது நிமிஷம் சர்ஜன் மனசு மாறி அங்கேயே எடுத்து அனுப்பிவிட்டார். அதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று தம்பிக்குத் தோன்றவில்லை. அன்று மதியம் வந்த சாம்பிள் கட்டோடு அதுவும் ஒரு நம்பராக வந்தது. நானே பிளேட்டின் அடியில் 2774 என்று எழுதி, நானே கோடு இழுத்து இன்குபேட்டரில் வைத்தேன். அப்பாவின் ஸ்வாப் செவ்வாய்க்கிழமை வரும், புதன்கிழமை காலையில் முதல் வேலையாக அதைப் பார்க்க வேண்டும் என்று மனசில் குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை இன்குபேட்டரைத் திறந்ததும் பன்னீர் திராட்சை வாசனை. சூடோமோனாஸ் என்ற கிருமிக்கு அந்த வாசனை உண்டு. சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணில் அது வந்தால் விளையாட்டில்லை என்று எங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் என்ன அழகு அது! பிளேட் முழுக்க மயில் கழுத்துப் பச்சை. சாய்த்துப் பிடித்தால் மேலே வெள்ளித் தகடு மாதிரி ஒரு மினுக்கம். ஓரங்கள் கிழிந்த இலைபோலப் பிரிந்திருந்தன. அவ்வளவு நன்றாக முளைத்த சூடோமோனாஸை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அடியில் இருக்கும் நம்பரைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஊசியும் வைக்கவில்லை. படம் எடுத்தபிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மாவின் டிரேயில் எடுத்து வைத்தேன். உங்களுக்காக ஒன்று வைத்திருக்கிறேன், சீக்கிரம் வாங்க என்று போன் செய்தேன். நானாகத்தான் செய்தேன், அவர் கேட்கவில்லை.

அவர் வந்தார். ஒரு மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டார். அவர் போவதற்குள் ரத்தத்தில் கிருமி வளர்ந்தால் சத்தம் போடும் மெஷின் மணியடித்தது, பச்சைக் குழந்தையின் ரத்தம், அதற்கு ஓடினேன். மதியக் கட்டு வந்தது. டிரே ஃபிரிட்ஜுக்குள் போனது. நான் அதை மறந்தே போனேன்.

புதன்கிழமை காலை அப்பாவின் பிளேட்டைத் தேடினேன். செவ்வாய்க்கிழமைப் பதிவில் அப்பா பெயர் இல்லை. முன் கவுன்டரில் கேட்டதும், அது திங்கட்கிழமையே வந்ததே மேடம், 2774 என்றாள் அங்கே இருந்த பெண். ரேக் முழுக்கத் தேடினேன். கடைசியில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் கை வைத்து, அந்தப் பச்சை பிளேட்டைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்து. ஏழுக்கு நடுவில் நான் ஒரு கோடு போடுவேன், இரண்டு ஏழிலும் அந்தக் கோடு இருந்தது. என் அப்பாவின் காலைத் தின்றுகொண்டிருந்ததை எடுத்து வைத்து ஊரார் வந்து ரசிக்க ஏற்பாடு செய்திருந்தேன். அதைத் தவிர வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மருந்துப் பொட்டு அன்றைக்குத்தான் வைத்தேன். புதன்கிழமை போயிருக்க வேண்டிய ரிப்போர்ட் வியாழக்கிழமை போனது. அதுவரை கொடுத்துக்கொண்டிருந்த ஊசி அந்தக் கிருமியிடம் எடுபடவில்லை என்பது அதில் தெரிந்தது. மருந்தை மாற்றினார்கள். சனிக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் கால் தப்பியிருக்குமா என்று சர்ஜனிடம் மூன்று தடவை கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். பெரிய என்ற சொல்லை அவர் ஏன் சேர்த்தார் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ரிப்போர்ட் ஏன் இவ்வளவு நாள் ஆனது என்று அப்பா ஆஸ்பத்திரியில் ஒரு தரம் கேட்டார். கிருமி வளர மூன்று நாள் ஆகும் என்றேன். தலையாட்டினார். பெருமாள் ஒரு காலைக் கேட்டார், கொடுத்துவிட்டேன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அந்தப் பேச்சை முன்பெல்லாம் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். இந்தத் தடவை, பழி பெருமாள் மேலேயே இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன். கேவலமாக இருந்தது, ஆனாலும் அப்படித்தான் இருந்தேன்.

ஐப்பசியில் கண்காட்சி. தில்லை நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருக்கும் ஹால். அழைப்பிதழின் கடைசி வரியில், பொடி எழுத்தில், எனக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள். அதை அப்பா பார்த்துவிட்டார். மகள் பெயர் அச்சில் வந்திருக்கிறது, போகாமல் எப்படி என்று வெள்ளை வேட்டி எடுத்து வைத்தார். செயற்கைக் காலுக்கு அளவு கொடுத்திருந்தோம், அது இன்னும் வரவில்லை. சக்கர நாற்காலியை மடித்து ஆட்டோவில் வைத்துக்கொண்டு காவேரிப் பாலத்தைத் தாண்டும்போது நான் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படம் அங்கே மாட்டப்படாமல் இருக்க வேண்டும். அந்த அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே என்று கேட்கவில்லை.

ஹாலின் தரை முழுக்கக் கொள்ளிட மணல் பரப்பியிருந்தார்கள். நாற்காலிச் சக்கரம் மணலில் புதைந்தது. இயற்கையின் மடியில் நடந்து போகும் அனுபவமாம். நடக்க முடியாதவன் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. மூலையில் ஸ்பீக்கரில் ஓங்காரம் மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ‘கிருமிகளின் குரல்’ என்று பலகை. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டேன். எங்கள் லேப் ஃபிரிட்ஜ்தான். மோட்டார் நிற்கும்போது ஒரு தடவை உதறும், அந்த உதறல்கூட அப்படியே இருந்தது. பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் அதற்கு முன்னால் கண்ணை மூடி நின்றார். எங்கள் டாக்டர் ஒலிபெருக்கியில் இருபது நிமிஷம் பேசினார். அணுவிலும் அண்டத்திலும் ஒன்றே என்றார். ஆதித்தாயின் முன்னால் நின்று ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டது. குழந்தையை முத்தம் கொடுக்கச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அது நடுச்சுவரில் இருந்தது. வேறு எங்கே இருக்கும்? ஆறடி உயரம், கீழேயிருந்து விளக்கு போட்டிருந்தார்கள். அந்த மயில் கழுத்துப் பச்சை ஹால் முழுக்க அடித்தது. பெயர் ‘பிரபஞ்ச மூச்சு’. அங்கேதான் கூட்டம் அதிகம். காலையில் எழுந்ததும் இதைப் பார்த்தால் மனசுக்கு எவ்வளவு நிம்மதி என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை வேறு பக்கம் திருப்பினேன். அதையும் பார்க்க வேண்டும், பக்கத்தில் கொண்டு போ என்றார் அப்பா. மணலில் தள்ளிக்கொண்டு போனேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். படத்தை அல்ல, அதன் இடது கீழ் மூலையை. அந்த இடத்தில், பச்சைக்கு அடியிலிருந்து, மங்கலாக நாலு எண்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரிந்தன. படம் மேலேயிருந்து எடுத்தது, நம்பர் அடியில் எழுதியது. அந்த அம்மாவுக்கு அது ஏதோ மந்திர எழுத்தாகத் தோன்றியிருக்கும், அழிக்காமல் விட்டிருந்தார். முப்பத்தாறு வருஷம் இன்லண்ட் கவரின் முதுகில் தெரியும் எழுத்தையெல்லாம் படித்த மனிதருக்கு அது ஒன்றும் மந்திரம் இல்லை. தன்னுடைய ரிப்போர்ட்டை ஃபைலில் வைத்துத் தினம் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பவர் அவர்.

“இது என் நம்பர்தானே?” என்றார்.

ஆமாம் என்றேன். அப்பா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, பெயர்ப் பலகையைக் கடைசி வரிவரை படித்தார். தரிசன நேரம்: செவ்வாய், காலை 11.20. முத்திரையில் தேதியைப் பார்ப்பவர்போல் அதை இரண்டு தடவை படித்தார். விரலை மடக்கி ஏதோ எண்ணினார். என்ன எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும். செவ்வாய், புதன், வியாழன்.

அந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பெண் இல்லாவிட்டால் இந்தப் படமே கிடையாது, இதை எனக்காகத் தேடி எடுத்து வைத்ததே அவங்கதான் என்றார். அவர் மேல் எனக்கு அப்போது கோபம்கூட வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அப்பா அவருக்குக் கும்பிடு போட்டு நன்றி சொன்னார். அவர் வேறு யாரையோ வரவேற்கப் போனார்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. படத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

“செவ்வாய்க்கிழமை வந்ததை ஏம்மா செவ்வாய்க்கிழமையே அனுப்பலை?”

மூன்று நாள் ஆகும் என்று மறுபடி சொல்லியிருக்கலாம். மெஷின், மதியக் கட்டு, பச்சைக் குழந்தை, சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. எல்லாம் நிஜமும்கூட. ஆனால் அந்தப் பச்சை வெளிச்சம் அவர் வேட்டியில், கால் இல்லாத இடத்தில் மடித்துச் செருகியிருந்த மடிப்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது. எனக்குப் பொய் வரவில்லை.

“அழகா இருந்துச்சுப்பா” என்றேன்.

அவர் இன்னொரு தடவை நிமிர்ந்து, உச்சியிலிருந்து அடிவரை அதைப் பார்த்தார்.

“அழகாத்தான் இருக்கு” என்றார். பிறகு நாற்காலியைத் திருப்பச் சொன்னார்.